போன் பிராசசரை அளப்பதும் ஓவர்கிளாக் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெஞ்ச்மார்க் ஸ்கோரை வைத்து போன்களை ஒப்பிடுபவர்களும், கிளாக்கை (பிராசசர் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற வேகத்தை) ஏற்றி, அதாவது ஓவர்கிளாக் செய்து, போனை வேகமாக்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு போன்களில் கர்னல் (வன்பொருளை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, கிளாக்கை ஏற்றியும் இறக்கியும் பல வருடம் பழகிய அனுபவத்தில் எழுதிய பதில்கள் இவை. படிக்கப் படிக்க ஒன்று புரியும்: போனின் வேகத்துக்கு வேலி போடுவது பெரும்பாலும் சூடுதான். கிளாக் எண் அதற்கு அடுத்துதான் வரும்.

பெஞ்ச்மார்க் எதற்கு? நேராக ஓவர்கிளாக் செய்துவிடலாமே?

செய்யலாம். ஆனால் வேகம் கூடியதா குறைந்ததா என்று உங்களுக்கே தெரியாது. கிளாக்கை ஏற்றிய பிறகு எல்லாமே வேகமாகத் தெரியும், நாம் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறோம். மாற்றத்துக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு என்று இரண்டும் கையில் இருந்தால்தான் பேச முடியும்.

பெஞ்ச்மார்க் செய்வது இதுதான்: ஒரே வேலையை எல்லா போனிலும் ஒரே மாதிரி கொடுத்து, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது. ஃபைலைச் சுருக்குவது, வெப் பக்கத்தை வரைவது, புகைப்படத்தை மாற்றுவது, முப்பரிமாணக் காட்சியை ஓட்டுவது போன்றவை அந்த வேலைகள்.

எந்த ஆப்பில் டெஸ்ட் செய்வது?

எதை அளக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

பிராசசரை மட்டும் பார்க்க கீக்பெஞ்ச் போதும். ஒரு கோரின் (பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி) வேகத்தையும் எல்லா கோர்களும் சேர்ந்த வேகத்தையும் தனித்தனியாகக் காட்டும். 2023இல் வந்த கீக்பெஞ்ச் 6, இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசரின் ஸ்கோரை 2500 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறது. அதற்கு முந்தைய கீக்பெஞ்ச் 5, கோர் ஐ3-8100 பிராசசரை 1000 என்று வைத்திருந்தது. அடிக்கோலே வேறு என்பதால் 5இல் எடுத்த ஸ்கோரையும் 6இல் எடுத்த ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இல்லை. இந்தத் தவறைப் பலர் செய்வதைப் பார்க்கிறேன்.

கிராபிக்ஸுக்கு 3டிமார்க் அல்லது ஜிஎஃப்எக்ஸ்பெஞ்ச். ஆன்டுட்டு பிராசசர், கிராபிக்ஸ், மெமரி, பயன்பாட்டு அனுபவம் என்ற நான்கையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகக் கொடுக்கும். விளம்பரத்துக்கு அந்த எண் வசதி. நமக்கு அவ்வளவு பயன் இல்லை, ஏனென்றால் நல்ல கிராபிக்ஸ் சிப் உள்ள போனில் சுமாரான பிராசசரின் குறை அந்தக் கூட்டுத்தொகையில் மறைந்துவிடும். ஆன்டுட்டு பார்த்தால் கீழே உள்ள நான்கு தனி எண்களைப் பாருங்கள்.

ஓவர்கிளாக் செய்ய நினைப்பவருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நீண்ட நேரம் ஓடும் டெஸ்ட். 3டிமார்க்கில் உள்ள வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரு நிமிடக் காட்சியை 20 முறை விடாமல் ஓட்டும். மிகக் குறைந்த ஸ்கோர் வந்த சுற்று, மிக அதிக ஸ்கோர் வந்த சுற்றில் எத்தனை சதவீதம் என்று கடைசியில் சொல்லும். பிராசசருக்கும் இப்படி 15 நிமிடம் எல்லா கோர்களையும் முழு வேலையில் வைத்து சூட்டால் வேகம் எப்படிக் குறைகிறது என்று வரைபடம் காட்டும் சிபியு த்ராட்லிங் டெஸ்ட் இருக்கிறது.

ஒரே போனில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஸ்கோர் வருகிறதே?

வரத்தான் செய்யும். போன் எவ்வளவு சூடாக இருக்கிறது, பின்னணியில் எந்த ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, சார்ஜர் செருகியிருக்கிறதா, பேட்டரி சேவர் போட்டிருக்கிறதா என்று எல்லாமே ஸ்கோரைத் தொடும்.

நான் செய்வது இது. போனை ரீஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா விடுவேன், ஆன் ஆனதும் நடக்கும் வேலைகள் அடங்கட்டும் என்று. ஏரோபிளேன் மோடு. கேஸைக் கழற்றிவிட்டு மேஜையில் வைப்பேன். பேட்டரி பாதிக்கு மேல், சார்ஜர் இல்லாமல். திரை வெளிச்சம் எப்போதும் ஒரே அளவு. ஐந்து முறை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் போன் ஆறும்வரை காத்திருந்து, ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்துக்கொள்வேன். அதிகபட்சத்தை எடுக்காதீர்கள், அது அந்த போனின் நல்ல நேரத்தை மட்டும் காட்டும். இரண்டு அமைப்புகளுக்கு நடுவில் வித்தியாசம் 2, 3 சதவீதம்தான் என்றால் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஸ்கோர் அருமையாக இருக்கிறது. ஆனால் பத்து நிமிடம் கேம் ஆடினால் திணறுகிறது. ஏன்?

இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பெரும்பாலான போன்களில் விசிறி கிடையாது. சிப்பில் உண்டாகும் சூடு உலோகச் சட்டம், கண்ணாடி வழியாகப் பரவி, மேல்பரப்பிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். அப்படித் தொடர்ந்து வெளியேற்ற முடிவது சில வாட்தான். ஆனால் எல்லா கோர்களும் கிராபிக்ஸும் முழு வேகத்தில் ஓடும்போது சிப் அதைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் சூட்டை உண்டாக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் போனின் உடம்பே அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு இடம் இல்லை. கையில் பிடிக்க முடியாத அளவுக்குப் போகக் கூடாது என்று மேல்பரப்பின் சூட்டுக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே. அதைத் தொட்டதும் கர்னல் கிளாக்கைப் படிப்படியாகக் குறைக்கிறது. இதற்குத்தான் த்ராட்லிங் என்று பெயர்.

சாதாரண பெஞ்ச்மார்க் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கீக்பெஞ்ச் போன்றவை ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நடுவில் சிறு இடைவெளியும் விடும், சூட்டின் தாக்கம் ஸ்கோரில் கலக்கக் கூடாது என்பதற்காக. ஆக நீங்கள் பார்த்த ஸ்கோர் ஆறிய போனின் ஸ்கோர். கேம் ஆடுவது சூடேறிய போனில். திரையில் 60 ஃப்ரேம் வர வேண்டும் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லிசெகண்டுக்குள் முடிக்க வேண்டும். 120 என்றால் வெறும் 8.3. கிளாக் இறங்கியதும் சில ஃப்ரேம்கள் அந்த நேரத்தைத் தாண்டும், நமக்கு அது திணறலாகத் தெரியும்.

ஏற்கெனவே த்ராட்லிங்கில் இருக்கும் போனில் அதிகபட்ச கிளாக்கை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் சீக்கிரம் சூடாகும், இன்னும் சீக்கிரம் கீழே இறங்கும். முதல் நிமிட ஸ்கோர் கூடும், பதினைந்தாவது நிமிடத்தில் பழைய வேகம்கூட இருக்காது. நானே இதை வரைபடமாகப் பார்த்த பிறகுதான் முழுதாக நம்பினேன்.

நிறுவனங்கள் பெஞ்ச்மார்க்கில் ஏமாற்றுகின்றன என்கிறார்களே, உண்மையா?

நடந்திருக்கிறது, பலமுறை.

2013இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4இல், அவர்களுடைய சொந்த எக்சினோஸ் சிப் உள்ள மாடலில், குறிப்பிட்ட சில பெஞ்ச்மார்க் ஆப்கள் திறந்தால் மட்டும் கிராபிக்ஸ் கிளாக் 532 மெகாஹெர்ட்ஸுக்குப் போவதும், மற்ற ஆப்களில் 480ஐத் தாண்டாததும் வெளியே வந்தது. அது தொடர்பான வழக்கை 2019இல் சாம்சங் 1.34 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்தில் முடித்துக்கொண்டது. 2018இல் ஹுவாவேயின் சில மாடல்களையும் ஓப்போவின் சில மாடல்களையும் 3டிமார்க் தன் தரவரிசையிலிருந்து நீக்கியது. அவர்கள் பிடித்த விதம் எளிமையானது: வெளியே யாருக்கும் கிடைக்காத, வேறு பெயருள்ள அதே டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்தார்கள். பெயர் தெரியாததால் போன் தன் சாதாரண வேகத்தில் ஓடியது. 2021இல் ஒன்பிளஸ் 9 கீக்பெஞ்ச் பட்டியலிலிருந்து போனது. 2022இல் சாம்சங்கின் கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் ஏராளமான ஆப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தி, பெஞ்ச்மார்க் ஆப்களை மட்டும் விட்டுவைத்தது தெரிந்ததும் எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளை கீக்பெஞ்ச் நீக்கியது.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். சூட்டுக்காக வேகத்தைக் குறைப்பது தப்பே இல்லை, அது வேண்டும். அளக்கும்போது மட்டும் வேறு முகம் காட்டினால், அந்த எண்ணை நம்பிப் பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது வேறு போன்.

ஓவர்கிளாக் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பிராசசரின் ஒவ்வொரு கோர் கூட்டத்துக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்தக் கிளாக்கில் ஓட இந்த வோல்டேஜ் என்று வரிசையாகப் படிகள். வேலை இல்லாதபோது கீழ்ப்படி, வேலை வந்தால் மேல்படி. ஓவர்கிளாக் என்பது அந்த அட்டவணையின் உச்சியில், தயாரித்தவர் வைக்காத ஒரு படியைச் சேர்ப்பது.

படியைச் சேர்த்தால் போதாது, அதற்கு வோல்டேஜும் வேண்டும். டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாற வேண்டும் என்றால் கூடுதல் அழுத்தம் தேவை. போதாவிட்டால் கணக்கு தப்பும், போன் உறையும் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். இங்கேதான் விலை ஏறுகிறது. சிப் இழுக்கும் மின்திறன் கிளாக்கோடு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். கிளாக்கை 10 சதவீதம் ஏற்ற, வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். 1.1 என்பதை மூன்று முறை பெருக்குங்கள்: 1.33. பத்து சதவீத வேகத்துக்கு 33 சதவீதம் அதிக மின்சாரம், அத்தனையும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். மேஜைக் கணினியில் பெரிய கூலர் போட்டு அந்தச் சூட்டை வெளியேற்றலாம். போனில் எங்கே போடுவது?

என் போனில் ஓவர்கிளாக் செய்ய முடியுமா?

பழைய ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் முடியும். புதியது என்றால் பெரும்பாலும் முடியாது.

ஆரம்ப காலத்தில் இதற்கு நியாயமான காரணமும் இருந்தது. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான எச்டிசி டிரீமில் இருந்த சிப் 528 மெகாஹெர்ட்ஸுக்கானது, ஆனால் 384இல் ஓட்டி விற்றார்கள். அடுத்த வருடம் வந்த மோட்டோரோலா டிராய்டில் 600 மெகாஹெர்ட்ஸுக்கான ஓமேப் சிப்பை 550இல் நிறுத்தியிருந்தார்கள். அதை ரூட் செய்து (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுத்து) 1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டியவர்கள் ஏராளம். ஒற்றைக் கோர், ஏகப்பட்ட இடம் மிச்சம். செட்சிபியு மாதிரி ஓர் ஆப்பில் ஸ்லைடரை இழுத்தால் போன் கண்ணுக்குத் தெரிந்து வேகமானது. அந்தக் காலத்தின் மகிழ்ச்சியைக் கண்டவர்கள் இன்னும் அதைத் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

இப்போது அந்த மிச்சம் இல்லை. தயாரிப்பாளர்களே ஒவ்வொரு சிப்பையும் எல்லைவரை தள்ளி விற்கிறார்கள். தொழிற்சாலையில் நன்றாக வந்த சிப் துண்டுகளைப் பிரித்தெடுத்து, கிளாக்கை ஏற்றி, தனிப் பெயரில் விற்பது வழக்கமாகிவிட்டது. குவால்காமின் ஸ்னாப்டிராகன் 855 சிப்பின் பெரிய கோர் 2.84 கிகாஹெர்ட்ஸ், 2019இல் வந்த 855 பிளஸ் 2.96. கேலக்ஸி எஸ்23இல் வந்த தனிப் பதிப்பு 3.36, மற்ற போன்களில் இருந்த அதே சிப் 3.2. நீங்கள் செய்ய நினைத்த ஓவர்கிளாக்கை உத்தரவாதத்தோடு அவர்களே செய்துவிட்டார்கள்.

கூடவே பூட்டும் போட்டுவிட்டார்கள். புதிய குவால்காம் சிப்களில் கிளாக்-வோல்டேஜ் அட்டவணையை ஒரு தனி வன்பொருள் பகுதி வைத்துக்கொள்கிறது, கர்னல் அதைப் படித்து "இந்தப் படி கொடு" என்று கேட்க மட்டுமே முடியும். புதுப் படி சேர்க்க இடமில்லை. கிராபிக்ஸ் பக்கம் கொஞ்சம் தளர்வு இருக்கிறது. சில ஸ்னாப்டிராகன் போன்களில் கோனாபெஸ் போன்ற கருவியால் கிராபிக்ஸ் அட்டவணையை மாற்ற முடிகிறது, அதற்கும் பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி மற்ற மென்பொருளை ஏற்றும் நிரல்) பூட்டில்லாமல் திறந்திருக்க வேண்டும், ரூட் வேண்டும்.

ஐபோனில்?

முடியாது. வழி இல்லை.

ரூட் இல்லாமலே ஓவர்கிளாக் செய்து தருவதாகச் சொல்லும் ஆப்கள்?

வேண்டாம். கிளாக்கைத் தொட கர்னல் அளவில் அனுமதி தேவை, சாதாரண ஆப்புக்கு அது கிடைக்காது. இந்த ஆப்கள் செய்வது அதிகபட்சம் பின்னணி ஆப்களை மூடுவதும் விளம்பரம் காட்டுவதும். மூடிய ஆப்கள் மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டியிருப்பதால் போன் முன்னைவிட மெதுவாகக்கூட ஆகலாம்.

ரூட் செய்தால் எதையெல்லாம் இழப்பேன்?

பூட்லோடரைத் திறக்கும் அந்த நொடியே போனில் உள்ள எல்லாம் அழியும். படம், தொடர்பு எண், மெசேஜ் எல்லாம். பேக்கப் எடுத்தோம் என்று நினைத்தால் போதாது, வேறு சாதனத்தில் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். நான் ஒருமுறை பேக்கப் ஃபைல் பாதியில் நின்றதைக் கவனிக்காமல் திறந்துவிட்டு, இரண்டு வருடப் புகைப்படங்களை இழந்தேன். இன்றும் அது வலிக்கிறது.

அப்புறம் வங்கி ஆப்கள், பணம் செலுத்தும் ஆப்கள். கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் திறந்த பூட்லோடர் தெரிந்துவிடும், பல ஆப்கள் ஓட மறுக்கும். சுற்றுவழிகள் வரும், கொஞ்ச நாளில் அடைபடும். சில போன்களில் வைட்வைன் (வீடியோ நகல் பாதுகாப்பு) நிலை கீழே இறங்கி, ஓடிடி ஆப்களில் எச்டி தரம் போய்விடும். சாம்சங் போனில் நாக்ஸ் பாதுகாப்புக்கான மின் ஃபியூஸ் ஒன்று நிரந்தரமாக எரியும், பிறகு பழைய மென்பொருளுக்கே திரும்பினாலும் அது திரும்பாது. வாரண்டி பெரும்பாலும் போகும். தானியங்கி அப்டேட்டும் சரியாக வராது.

அன்றாடம் பணப் பரிமாற்றத்துக்கு வைத்திருக்கும் ஒரே போனில் இதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

சரி, புரிந்துதான் இறங்குகிறேன். எப்படிச் செய்வது?

முதலில் உங்கள் மாடலுக்கென்றே எழுதப்பட்ட கர்னல் வேண்டும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு போன் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கர்னலில் ஓவர்கிளாக் படிகள் இருக்கின்றனவா என்று அதன் விவரக் குறிப்பில் பாருங்கள். இல்லையென்றால் எந்த ஆப் போட்டும் பயன் இல்லை.

இப்போது போனில் இருக்கும் பூட் இமேஜை (கர்னல் அடங்கிய ஃபைல்) கணினியில் எடுத்து வையுங்கள். புதுக் கர்னல் ஆன் ஆகாவிட்டால் ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து கேபிளில் போனுக்கு மென்பொருள் ஏற்றும் முறை) வழியாகப் பழையதைத் திரும்ப ஏற்றி மீளலாம். இந்த ஒரு ஃபைல் கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பிறகு மேலே சொன்ன மாதிரி ஐந்து முறை அளவு, ஒரு 15 நிமிட த்ராட்லிங் டெஸ்ட். எண்களை எழுதி வையுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கர்னல் மேனேஜர் ஆப்பில் அதிகபட்ச கிளாக்கை ஒரே ஒரு படி ஏற்றுங்கள். உடனே நீண்ட டெஸ்ட். உறையவில்லை, ரீஸ்டார்ட் ஆகவில்லை, பதினைந்தாவது நிமிட வேகமும் முன்பைவிட அதிகம் என்றால் அடுத்த படி. மூன்றில் ஒன்று தப்பினாலும் ஒரு படி கீழே வந்து நின்றுவிடுங்கள். வோல்டேஜை ஏற்றி அந்தப் படியைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். மேலே போட்ட கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அந்த ஆசை அடங்கும்.

மிக முக்கியமானது: "பூட் ஆகும்போது பயன்படுத்து" என்ற தேர்வை முதல் நாளே தொடாதீர்கள். அது இல்லாதவரை, போன் உறைந்தாலும் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி ரீஸ்டார்ட் செய்தால் பழைய கிளாக்குக்கே வந்துவிடும். அதை டிக் செய்துவிட்டால், நிலையில்லாத கிளாக்கோடு ஆன் ஆகி, உறைந்து, மறுபடி ஆன் ஆகி என்று சுழலில் சிக்கும். மூன்று நான்கு நாள் கேமரா, கால், வீடியோ, கேம் என்று வழக்கமான எல்லா வேலையும் செய்து பார்த்த பிறகு அதை டிக் செய்யுங்கள். பெஞ்ச்மார்க்கில் தாங்கிய கிளாக், வீடியோ எடுக்கும்போது தாங்காமல் போவது சகஜம்.

கவர்னர் என்று ஒன்று இருக்கிறதே, அதில் எதை வைப்பது?

எப்போது எந்தப் படிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்யும் கர்னல் பகுதி அது. பெர்ஃபார்மன்ஸ் என்பதை வைத்தால் எப்போதும் உச்சப்படி, பவர்சேவ் வைத்தால் எப்போதும் அடிப்படி. ஆன்டிமாண்ட், இன்டராக்டிவ் ஆகியவை பழைய போன்களில் இருந்தவை. 2016இல் லினக்ஸ் (ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் கர்னல்) 4.7இல் வந்த ஸ்கெட்யூடில் என்ற கவர்னர், எந்தக் கோரில் எவ்வளவு வேலை காத்திருக்கிறது என்பதைத் திட்டமிடும் பகுதியிடமே கேட்டுக் கிளாக்கை முடிவு செய்கிறது. புதிய போன்களில் அதுதான் இருக்கும், அதை அப்படியே விடுங்கள். பெர்ஃபார்மன்ஸ் வைத்துவிட்டு போன் சூடாகிறது என்று கேட்பவர்கள் உண்டு. டெஸ்ட் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துப் பார்க்கலாம், அன்றாடத்துக்கு வேண்டாம்.

அண்டர்வோல்ட் செய்தால் வேகம் கூடும் என்கிறார்கள். வோல்டேஜைக் குறைத்தால் எப்படிக் கூடும்?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. தயாரிப்பாளர் எல்லாத் துண்டுகளும் ஓட வேண்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்திருப்பார். உங்கள் கையில் இருக்கும் துண்டுக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். அதே கிளாக்கில் வோல்டேஜை 5 சதவீதம் குறைக்க முடிந்தால், 0.95ஐ 0.95ஆல் பெருக்கினால் 0.90, கிட்டத்தட்ட 10 சதவீத மின்சாரம் மிச்சம். போன் மெதுவாகச் சூடாகும், த்ராட்லிங் தள்ளிப்போகும், பதினைந்தாவது நிமிடத்தில் கிளாக் மேலேயே நிற்கும். உச்ச எண்ணைத் தொடாமலே நீண்ட நேர வேகம் கூடுகிறது, பேட்டரியும் கொஞ்சம் நீடிக்கிறது.

கர்னல் இடம் கொடுத்தால் ஓவர்கிளாக்குக்கு முன் இதைச் செய்து பாருங்கள். 5 அல்லது 10 மில்லிவோல்ட் அளவில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட். அதிகம் இறக்கினால் நேரும் கெடுதல் உறைவதும் ரீஸ்டார்ட்டும்தான், சிப்புக்கு ஆபத்து இல்லை. ஏதாவது ஃபைல் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் உறைந்தால் அந்த ஃபைல் கெடலாம், அதற்காக பேக்கப்.

நண்பரின் அதே மாடல் போனில் தாங்கிய கிளாக் என்னுடையதில் தாங்கவில்லை. கர்னலில் கோளாறா?

இல்லை, துண்டுக்குத் துண்டு வேறுபாடு. ஒரே வட்டத் தகட்டில் வெட்டிய சிப்களிலேயே சில குறைந்த வோல்டேஜில் ஓடும், சிலவற்றுக்குக் கூடுதல் வேண்டும். தொழிற்சாலையிலேயே இதைச் சோதித்துத் தரம் பிரிப்பார்கள். நெக்சஸ் 4 காலத்தில் சிப் எந்தத் தரம் என்று கர்னல் பதிவிலேயே பார்க்க முடிந்தது. ஆகவே அடுத்தவரின் எண்களை அப்படியே போடாமல் உங்கள் போனில் கீழிருந்து தொடங்குங்கள்.

சிப் எரிந்துவிடுமா?

ஒரே நாளில் எரிவது அரிது. சிப்புக்குள்ளேயே சூடு உணரும் கருவிகள் இருக்கின்றன. எல்லை தாண்டினால் கிளாக் இறங்கும், அதற்கும் மேலே போனால் போன் அணையும். அந்தப் பாதுகாப்பை நிறுத்தும் கர்னல்களும் உண்டு, அவற்றைத் தொடவே வேண்டாம். வோல்டேஜும் சூடும் சேர்ந்து ஏறினால் சிப்புக்குள் உள்ள மெல்லிய உலோக இணைப்புகளில் அணுக்கள் மெல்ல இடம் பெயர்ந்து, வருடக்கணக்கில் அவை பழுதாகும்.

அதற்கு முன்பே அடிபடுவது பேட்டரி. லித்தியம் அயன் பேட்டரிக்குச் சூடு எதிரி. சிப்பின் சூடு பக்கத்திலேயே உள்ள பேட்டரிக்குப் போகும், அதன் கொள்ளளவு சீக்கிரம் குறையும், உள் மின்தடை கூடும். உள் மின்தடை கூடிய பேட்டரியால் சிப் திடீரென்று கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாது, 30 சதவீதம் காட்டும்போதே போன் அணைந்துவிடும். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களில் ஆப்பிள் வேகத்தைக் குறைத்ததற்குப் பின்னால் இருந்த காரணம் இதுதான், அந்தச் செய்தி 2017 டிசம்பரில் தெரிய வந்தது. அப்போது கீக்பெஞ்ச் ஸ்கோர்களின் பரவலே அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவர உதவியது. பேட்டரி மாற்றியதும் ஸ்கோர் மேலே வந்தது. உங்கள் போனும் மூன்று நான்கு வருடம் ஆனது என்றால், கிளாக்கைத் தொடும் முன் பேட்டரியை மாற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்து டெஸ்ட் எடுக்கலாமா? கூலர் மாட்டலாமா?

ஃபிரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் போனுக்குள்ளேயே நீராகப் படியும்.

பின்னால் கவ்வும் விசிறிக் கூலர் உண்மையிலேயே உதவும், கேஸைக் கழற்றிவிட்டு மாட்டினால். நீண்ட டெஸ்ட்டில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மின்சாரத்தால் குளிர்விக்கும் தகடு உள்ள கூலர் இன்னும் வலுவானது, ஆனால் அதிலும் ஈரம் படியும் பிரச்சினை உண்டு. ஈரப்பதம் அதிகமான இடத்தில் குறைந்த அளவில் வையுங்கள். 2019 முதல் சில ரெட் மேஜிக் போன்கள் விசிறியை உள்ளேயே வைத்து வருகின்றன.

என் போன் லேக் ஆகிறது. ஓவர்கிளாக் செய்தால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது, காரணம் வேறு இடத்தில் இருக்கும். ஸ்டோரேஜ் நிரம்பியிருந்தால் எழுதும் வேகம் விழுந்துவிடும், ஆப் திறப்பது, படம் சேமிப்பது எல்லாம் தடுமாறும். கொஞ்சம் தாராளமாகக் காலி இடம் விட்டுப் பாருங்கள். பழைய போனில் இஎம்எம்சி என்ற மெதுவான வகை ஸ்டோரேஜ் இருந்தால் பிராசசர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும். ரேம் குறைவு என்றால் ஆப் மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து திறக்கும். இவற்றில் எதையும் கிளாக் தொடாது.

பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் தேர்வுகளைத் திறந்து, அனிமேஷன் அளவுகள் மூன்றையும் 0.5 ஆக்குங்கள். பிராசசர் வேகம் அதேதான், திரை அசைவுகள் பாதி நேரத்தில் முடிவதால் கைக்கு வேகமாக இருக்கும். ஒரு நிமிட வேலை, ஆபத்தே இல்லை.

பழைய போன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் பழகலாமா?

அதைவிட நல்ல வழி இல்லை. பூட்லோடர் திறக்க அனுமதிக்கும் பழைய பிக்சல், நெக்சஸ், ஒன்பிளஸ் மாடல்களுக்குக் கர்னல்களும் வழிமுறைகளும் நிறைய இருக்கின்றன. அழிந்தாலும் கவலை இல்லாத போனில் செய்யும்போது ஒவ்வொரு படியையும் நிதானமாகப் பார்க்கலாம். தொடங்கும் முன் பின்மூடி உப்பியிருக்கிறதா, திரை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், அழுத்தாமல், குத்தாமல் தனியே வைத்து, பேட்டரி மாற்றித் தருபவரிடம் கொண்டுபோங்கள். புது பேட்டரி போட்ட பிறகு முதல் அளவை எடுங்கள்.